எரிமலைக் கல்லும் சிவப்பு நதியும்: கப்படோக்கியாவில் குடும்பத்தோடு பார்க்க வேண்டியவை

உம்ராவோடு சேர்த்தோ தனியாகவோ துருக்கி செல்லும் நம் குடும்பங்களின் பட்டியலில் இஸ்தான்புல்லுக்கு அடுத்து வருவது கப்படோக்கியா. பெரும்பாலும் இரண்டு பகல், ஒரு இரவு. அதிகாலையில் பலூன், பிறகு சில இடங்களில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். இவ்வளவு பணம் செலவழித்துப் போய், அந்த நிலம் எப்படி உருவானது, அங்கே யார் வாழ்ந்தார்கள், நம் முன்னோரான முஸ்லிம்கள் அங்கே எதைக் கட்டினார்கள் என்று எதையும் அறியாமல் திரும்புவது பெரிய இழப்பு. குறைந்தது நான்கு நாட்கள் ஒதுக்க முடிந்தவர்களுக்காக இந்தக் கட்டுரையைத் தொகுத்திருக்கிறோம்.

நிலம் உருவான விதம்

துருக்கியின் நடுப்பகுதியில் உள்ளது கப்படோக்கியா. கிழக்கே 3,917 மீட்டர் உயரமுள்ள எர்ஜியேஸ் மலை. தென்மேற்கே ஹசன் மலை. இரண்டும் எரிமலைகள். இவையும் இப்பகுதியின் மற்ற எரிமலைகளும் பல லட்சம் ஆண்டுகளாகக் கக்கிய சாம்பல் தடிமனாகப் படிந்து, இறுகி, மென்மையான கல்லாயிற்று. அதன் மேல் சில இடங்களில் எரிமலைக் குழம்பு பரவிக் கடினமான பாறையானது.

பிறகு மழையும் காற்றும் ஆறுகளும் வேலையைத் தொடங்கின. மென்மையான கல் கரைந்தது. கடினமான பாறை தொப்பியாக மேலே நின்றது. ‘தேவதைப் புகைபோக்கிகள்’ என்று துருக்கியர் அழைக்கும் கூம்புக் கற்கள் இப்படித்தான் உருவாயின. தொப்பி விழுந்துவிட்டால் கீழே உள்ள தூண் வேகமாகக் கரையும். அந்த அரிப்பு இன்றும் நிற்கவில்லை. நாம் பார்க்கும் காட்சியும் மெதுவாக மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

இப்பகுதியின் பெரிய ஆறு கிஸிலிர்மாக். பெயருக்குப் பொருள் ‘சிவப்பு ஆறு’. சுமார் 1,355 கி.மீ. நீளம், துருக்கிக்குள்ளேயே தோன்றி துருக்கிக்குள்ளேயே கடலில் சேரும் ஆறுகளில் இதுவே மிக நீளமானது. செம்மண்ணைச் சுமந்து செல்வதால் இந்தப் பெயர்.

கோரெமேயும் பள்ளத்தாக்குகளும்

தங்குவதற்குப் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது கோரெமே என்ற சிற்றூர். இங்குள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தையும் சுற்றியுள்ள பாறைக் குடியிருப்புகளையும் யுனெஸ்கோ 1985இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பாறையைக் குடைந்து கிறிஸ்தவத் துறவிகள் அமைத்த தேவாலயங்கள் இங்கே உள்ளன. சுவரோவியங்களில் பெரும்பாலானவை 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலானவை. ‘இருண்ட தேவாலயம்’ என்ற ஒன்றில் வெளிச்சம் மிகக் குறைவாகவே நுழையும்; அதனாலேயே அதன் வண்ணங்கள் மங்காமல் இருக்கின்றன.

கையெட்டும் உயரத்தில் உள்ள ஓவியங்கள் பலவற்றில் முகங்களும் கண்களும் சுரண்டப்பட்டிருப்பதைக் காணலாம். ஓவியங்களுக்கு மேலேயே பெயர்களைக் கீறி வைத்தவர்களும் உண்டு. பிற சமயத்தாரின் வழிபாட்டிடத்துக்குள் நுழைகிறோம் என்ற மரியாதையைப் பிள்ளைகளுக்கு இங்கே சொல்லிக் கொடுக்கலாம். உள்ளே படம் எடுக்கத் தடை உள்ளது, அதை மதிப்போம்.

நடக்க விரும்புவோருக்கு ரோஜா பள்ளத்தாக்கும் புறாப் பள்ளத்தாக்கும் ஏற்றவை. புறாப் பள்ளத்தாக்கின் பாறைகளில் நூற்றுக்கணக்கான சிறு துளைகளைக் காணலாம். அவை புறாக் கூடுகள். புறா எச்சத்தைச் சேகரித்துத் திராட்சைத் தோட்டங்களுக்கும் பழ மரங்களுக்கும் உரமாக இட்டார்கள் இவ்வூர் விவசாயிகள். பள்ளத்தாக்கின் ஒரு முனையில் உச்ஹிசார் பாறைக்கோட்டை நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து வானம் தெளிவாக இருக்கும் நாளில் எர்ஜியேஸ் மலையின் பனிமுடியைப் பார்க்கலாம்.

பலூன் பற்றி ஒரு வார்த்தை. சூரியன் உதிக்கும் வேளையில் சுமார் ஒரு மணி நேரம் பறக்கும். காற்றின் வேகத்தைப் பார்த்து அன்றன்றைக்குத்தான் அரசு அனுமதி கிடைக்கும், ரத்தாவது சாதாரணம். ஆகவே முதல் நாள் காலைக்கே பதிவு செய்தால், ரத்தானாலும் மறுநாள் வாய்ப்பு இருக்கும். கர்ப்பிணிகளையும் சிறு குழந்தைகளையும் ஏற்றுவதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: விடியுமுன்பே வண்டி வந்து அழைத்துச் செல்லும் என்பதால், பருவத்தைப் பொறுத்து ஃபஜ்ர் நேரம் பயணத்தின் நடுவில் வரலாம். முந்தைய நாளே நேரத்தைக் கேட்டு, உளூவுடன் கிளம்புங்கள். தொழ இடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பூமிக்கடியில் நகரங்கள்

குடைவதற்கு எளிதான கல் என்பதால் மக்கள் கீழ்நோக்கியும் குடைந்தார்கள். டெரின்குயு நிலத்தடி நகரம் சுமார் 85 மீட்டர் ஆழம் வரை செல்கிறது. 1963இல் ஒருவர் வீட்டைப் பழுதுபார்த்தபோது சுவருக்குப் பின்னால் வழி தெரிந்தது. 1969இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். தானியக் கிடங்கு, தொழுவம், சமையலறை, கிணறு, காற்றுப் போக்கி எல்லாம் உள்ளே உண்டு. எதிரிகள் வந்தால் சக்கரம் போன்ற கனத்த வட்டக் கல்லை உருட்டி, பாதையை உள்ளிருந்தே அடைத்துக்கொள்வார்கள். கய்மக்லி என்ற மற்றொரு நகரமும் அருகிலேயே உள்ளது. இரண்டில் ஒன்றைப் பார்த்தால் போதும்.

சில பாதைகளில் குனிந்துதான் நடக்க வேண்டும். எதிரே வருபவருக்கு வழிவிடக்கூட இடமிருக்காது. மூட்டுவலி, ஆஸ்துமா, இதய நோய் உள்ள பெரியவர்களும் மூடிய இடத்தில் அச்சப்படுபவர்களும் மேலேயே இருந்துவிடுவது நல்லது.

இஹ்லாரா பள்ளத்தாக்கு

ஹசன் மலைக்கு அருகே, எரிமலைப் பாறையை மெலண்டிஸ் என்ற சிற்றாறு வெட்டிச் சென்ற பள்ளத்தாக்கு இது. இஹ்லாராவிலிருந்து செலிமே வரை சுமார் 14 கி.மீ.; நூறு மீட்டருக்கும் மேல் ஆழம். மேலே வறண்ட சமவெளி. கீழே ஆற்றோரம் மரங்கள், நிழல், நீரின் சலசலப்பு. முதன்மை வாயிலிலிருந்து இறங்க நானூறுக்குச் சற்றுக் குறைவான படிகள் உள்ளன. இறங்கிவிட்டால் பாதை பெரும்பாலும் சமதளம். முழுத் தூரமும் நடக்க வேண்டியதில்லை. நடுவில் உள்ள பெலிசிர்மா கிராமத்தில் ஆற்றை ஒட்டி உணவகங்கள் இருக்கின்றன; முதியவர்களை வண்டியில் அங்கேயே அழைத்து வந்து, நடந்து வருபவர்களோடு சேர்த்துவிடலாம். பிள்ளைகள் மிகவும் விரும்புவது இந்த இடமாகத்தான் இருக்கும்.

அவனோஸின் மண்

கோரெமேயிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவில், கிஸிலிர்மாக்கின் கரையில் இருக்கிறது அவனோஸ். ஆறு கொண்டுவரும் செம்மண்தான் இவ்வூரின் பிழைப்பு. காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரத்தில் பானை வனையும் குயவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்டால் பிள்ளைகளையும் உட்கார்த்தி வனைய விடுவார்கள். மூடிய மண்குடத்தில் இறைச்சியையும் காய்கறிகளையும் வேகவைத்து, மேசையில் குடத்தை உடைத்துப் பரிமாறும் ‘டெஸ்தி கபாப்’ இப்பகுதியின் புகழ்பெற்ற உணவு.

பொதுவாக இறைச்சியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் இது திராட்சை விளையும் நாடு. மது தயாரிப்பும் உண்டு. சுற்றுலா உணவகங்கள் பலவற்றில் மது பரிமாறுகிறார்கள். மது இல்லாத உணவகம் வேண்டுமென்றால் தங்குமிடத்தில் கேட்டால் காட்டுவார்கள்.

சல்ஜூக்கியர் விட்டுச் சென்றவை

சுற்றுலா நிறுவனங்களின் பட்டியலில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். அதே எரிமலைக் கல்லைக்கொண்டு 13ஆம் நூற்றாண்டில் சல்ஜூக்கிய முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் மருத்துவமனைகளையும் வணிகர் சத்திரங்களையும் எழுப்பினார்கள்.

அவனோஸ் அருகிலுள்ள சாரிஹான் 1249இல் கட்டிய சத்திரம். வாயிலின் மேல்தளத்தில் சிறிய பள்ளிவாசல் ஒன்று அமைந்திருக்கிறது. இன்னும் பெரியதைப் பார்க்க விரும்பினால், கோன்யாவிலிருந்து அக்சராய் வரும் சாலையில் சுல்தான்ஹானி உள்ளது. சுல்தான் முதலாம் அலாவுத்தீன் கைகுபாத் 1229இல் கட்டியது. முற்றத்தின் நடுவே நான்கு வளைவுகளின் மேல் நிற்கும் பள்ளிவாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இத்தகைய சத்திரங்களில் எந்த ஊர், எந்த மதம் என்று பாராமல் வணிகர்களும் அவர்களது ஒட்டகங்களும் மூன்று நாட்கள் வரை கட்டணமின்றித் தங்கலாம் என்பது அன்றைய வழக்கம்.

ஒரு முழு நாளை கய்சேரிக்கு ஒதுக்குங்கள். எர்ஜியேஸ் மலையடிவாரத்தில், கோரெமேயிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். இங்குள்ள கெவ்ஹர் நெசிபே மருத்துவமனையும் அதை ஒட்டிய மருத்துவ மதரஸாவும் 1206இல் முடிந்தன. நோயுற்று மறைந்த இளவரசி கெவ்ஹர் நெசிபேயின் விருப்பத்தை நிறைவேற்ற, அவருடைய சகோதரரான சுல்தான் கியாசுத்தீன் கைகுஸ்ரூ கட்டினார் என்பது வரலாறு. நோயாளிகளுக்குச் சிகிச்சை ஒரு பக்கம், மாணவர்களுக்குப் பாடம் மறுபக்கம். மனநோயாளிகளுக்கும் தனி அறைகள். இப்போது இது சல்ஜூக்கிய நாகரிக அருங்காட்சியகம். மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தவறவிடக் கூடாத இடம்.

அருகிலேயே 1238இல் மஹ்பெரி ஹுனத் காத்தூன் என்ற அரசி கட்டிய வளாகம்: பள்ளிவாசல், மதரஸா, குளியல் கூடம், அவருடைய அடக்கத்தலம். ஒரு பெண்ணின் பெயரால் எழுந்து, எண்ணூறு ஆண்டுகளை நெருங்கும் இப்பள்ளியில் இன்றும் ஜமாஅத் நடக்கிறது. உஸ்மானியரின் மாபெரும் கட்டடக் கலைஞர் மிமார் சினான் பிறந்த அகிர்னாஸ் கிராமமும் கய்சேரிக்கு அருகில்தான். கல்லைக் குடைந்தும் செதுக்கியும் வாழ்ந்த ஊரிலிருந்து சுலைமானியாப் பள்ளியைக் கட்டியவர் வந்ததில் வியப்பில்லை.

பறவைகளைப் பார்க்க விரும்பும் குடும்பங்கள், எர்ஜியேஸுக்குத் தெற்கே உள்ள சுல்தான் சதுப்பு நிலத்துக்கும் செல்லலாம். நன்னீரும் உப்புநீரும் அடுத்தடுத்து இருப்பதால் பூநாரைகள் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன.

இதே கல்லின் மறுபக்கம்

இந்த நிலத்தில் துயரமும் உண்டு. துஸ்கோய், கராயின் முதலிய சில கிராமங்களின் எரிமலைக் கல்லில் எரியோனைட் என்ற நார்க் கனிமம் கலந்திருக்கிறது. அந்தக் கல்லால் வீடு கட்டி, அதன் தூசியைப் பிறந்தது முதல் சுவாசித்த மக்களிடையே நுரையீரல் உறையைத் தாக்கும் அரிய புற்றுநோய் மிக அதிகமாக இருந்தது. 1970களில் துருக்கிய மருத்துவர்கள் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். பிறகு மக்களுக்கு வேறிடத்தில் வீடுகள் கட்டப்பட்டன. இக்கிராமங்கள் சுற்றுலாப் பாதையில் இல்லை. சில நாட்கள் வந்து செல்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாம் ரசிக்கும் கல்லோடு வாழ்ந்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை அறிந்து பார்ப்பது நல்லது.

1923இல் கிரீஸுக்கும் துருக்கிக்கும் இடையே நடந்த மக்கள் பரிமாற்றத்தில் இங்கிருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், அங்கிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார்கள். முஸ்தஃபாபாஷா என்ற ஊரின் அழகான கல்வீடுகள் அப்படிப் போனவர்கள் விட்டுச் சென்றவை. இரு பக்கத்தாரும் பிறந்த மண்ணை இழந்தார்கள்.

புறப்படுமுன்

ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்றவை. இப்பகுதி ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிரும். கோடையிலும் ஒரு மேலாடை வேண்டும். குளிர்காலத்தில் பனி விழும்.

இஸ்தான்புல்லிலிருந்து கய்சேரிக்கும் நெவ்ஷெஹிருக்கும் விமானங்கள் உள்ளன. விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. முகவர் சொல்வதோடு நிற்காமல் துருக்கியத் தூதரகத்தின் அறிவிப்பை நீங்களே பாருங்கள்.

வழுக்காத காலணி அவசியம். சாம்பல் கல் சறுக்கும். பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தொழ இடம் உண்டு. பெரும்பாலும் மாடியிலோ பின்பகுதியிலோ இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையான கல் இது. பாறையில் பெயர் எழுதுவது, துண்டு உடைத்து எடுப்பது, படத்துக்காகத் தடுப்பைத் தாண்டிக் கூம்பின் மேல் ஏறுவது எல்லாமே மழை நூறாண்டில் செய்யும் சேதத்தை ஒரே நாளில் செய்துவிடும். பிள்ளைகள் அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்வது பெற்றோரான நம் பொறுப்பு. நமக்குப் பின் வருபவர்களும் பார்க்க வேண்டுமல்லவா?