பாதிக் கோபுரம்

கோவாவுக்குத் திருப்பயணம் செல்லும் நம் மக்கள் போம் இயேசு பேராலயத்தில் தூய சவேரியாரின் திருவுடலை வணங்குகின்றனர். எதிரேயுள்ள தூய கத்தரீனம்மாள் பேராலயத்தையும் கண்டு களித்துத் திரும்பிவிடுகின்றனர். திருப்பூரை அடுத்த அவிநாசிபாளையத்திலிருந்து சென்ற நாங்கள், சற்றுத் தொலைவில் மோந்தே சாந்தோ என்னும் குன்றின்மீதும் ஏறினோம். 'திருமலை' என்பது அப்பெயரின் பொருள். அங்கே பூசையும் இல்லை, மணியோசையும் இல்லை. வானத்தைக் கூரையாகக் கொண்டு ஓர் ஆலயம் கிடக்கிறது.

அகுஸ்தினார் சபைத் துறவிகள் 1572-இல் கோவாவுக்கு வந்தனர். 1597-இல் அருள் அன்னையின் பெயரால் இவ்வாலயத்தைக் கட்டத் தொடங்கி 1602-இல் நிறைவு செய்தனர். செம்பூரான் கல்லால் எழுந்த அதன் மணிக்கோபுரம் ஏறத்தாழ 46 மீட்டர் உயரமுடையது. அதில் பாதியே இன்று நிற்கிறது. எட்டுச் சிற்றாலயங்களின் சுவர்களும், துறவியர் மடத்தின் அடித்தளங்களும், தரையெங்கும் போர்த்துக்கீசிய எழுத்துகள் பொறித்த கல்லறைக் கற்களும் எஞ்சியுள்ளன.

இக்கோயிலை இடித்தவர் யார்? பகைவர் படை அன்று, நிலநடுக்கமும் அன்று. போர்த்துக்கல் அரசு 1834-இல் ஆடவர் துறவற சபைகளைக் கலைத்தது. அடுத்த ஆண்டு அவ்வாணை கோவாவிலும் நிறைவேறியது, துறவிகள் வெளியேற்றப்பட்டனர். அரச ஆதரவில் வளர்ந்த திருச்சபைக்கு, கொடுத்த கையே எடுத்துக்கொள்ளும் கையாகவும் ஆயிற்று. செம்பூரான் கல் நீரை உறிஞ்சும் தன்மையது. சுண்ணாம்புப் பூச்சைக் காலந்தோறும் புதுப்பித்தால்தான் மேற்குக் கரையின் பெருமழையை அது தாங்கும். பனியன் துணியில் ஓரிழை அறுந்தால் ஓட்டை தானே வளர்வதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கவனிப்பார் நீங்கிய ஏழாண்டுகளில், 1842-இல், கூரை வளைவு சரிந்தது. கோபுர மணி 1871-இல் பணஜி அமலோற்பவ அன்னை ஆலயத்தைச் சென்றடைந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் வீழ்ந்தன.

இங்கே நம் கொங்கு நாட்டை நினைத்துப் பார்த்தோம். மதுரை மறைத்தளத்து இயேசு சபைக் குருக்கள் பதினேழாம் நூற்றாண்டில் சத்தியமங்கலம் பகுதியில் நற்செய்தி அறிவித்தனர். 1773-இல் அச்சபை கலைக்கப்பட்டபின் நம் முன்னோர்க்குக் குருக்களின் வருகை அரிதாயிற்று. ஆயினும் உபதேசியார்களின் துணையாலும், வீட்டில் பெரியோர் கற்பித்த செபங்களாலும் விசுவாசம் அணையாதிருந்தது. 1845-இல் கோயம்புத்தூர் தனி மறைத்தளமாகப் பிரிக்கப்பட்டபோது, மரியோன் பிரெசிலாக் ஆண்டகை தம் பணியைத் தொடங்க இங்கே இறைமக்கள் இருந்தனர். மக்களை இழந்த மாபெரும் ஆலயம் அங்கே சரிந்தது. குருக்களின்றித் தவித்த எளிய மக்களோ இங்கே நிலைத்து நின்றனர்.

அவ்வாறாயின் கட்டடம் பொருட்டன்று, மக்களே போதும் எனலாமோ? அம்முடிவுக்கு விரைந்துவிடாதபடி அதே இடிபாடு நம்மைத் தடுக்கிறது. ஜார்ஜியா நாட்டின் ககேத்தி அரசி கெத்தேவன், கிறிஸ்துவை மறுதலிக்க இசையாததால் 1624-இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில், ஷா அப்பாஸ் மன்னனின் ஆணைப்படி வதைத்துக் கொல்லப்பட்டார். அங்குப் பணிபுரிந்த அகுஸ்தினார் துறவிகள் அவருடைய எலும்புகளில் சிலவற்றை 1627-இல் கோவாவுக்குக் கொணர்ந்து இவ்வளாகத்தில் வைத்தனர். அவர் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சார்ந்தவர் என்பது அவர்களுக்குத் தடையாகத் தோன்றவில்லை. மறைசாட்சியின் குருதி சபை வேற்றுமையைக் கடந்து பேசிற்று.

கூரை விழுந்தபின் அந்தத் திருப்பண்டம் இருந்த இடமும் மண்ணுள் மறைந்தது. ஆனால் எந்தச் சன்னலருகே வைத்தோம் என்று துறவிகள் எழுதி வைத்திருந்தனர். அக்குறிப்பைத் துணைகொண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து எலும்பைக் கண்டெடுத்தது. ஐதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தார் மரபணுவை ஆராய்ந்து, அது அரசியினுடையதாயிருத்தல் கூடும் என்பதற்கான சான்றுகளை 2013-இல் வெளியிட்டனர். 2021 சூலையில் அதன் ஒரு பகுதியை இந்திய அரசு ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப்பின் ஒரு நாடு தன் அன்னையைப் பெற்றுக்கொண்டது. ஏடும் எஞ்சிய சுவரும் இல்லையேல் இது நிகழ்ந்திராது.

நம் பங்குகளிலும் ஓட்டுக் கூரைக் கோயில்கள் இடிக்கப்பட்டுக் கான்கிரீட் ஆலயங்கள் எழுகின்றன. பெருகிவரும் மக்களுக்கு இடம் வேண்டும். இதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இடிக்குமுன் அளவெடுத்தோமா? நிழற்படம் எடுத்தோமா? அடிக்கல்லையும் பழைய கல்லறைக் கற்களையும் எங்கே வைத்தோம்? கறையான் அரிக்கும் திருமுழுக்கு ஏடுகளைப் படியெடுத்தோமா? உபதேசியார்களின் பெயர்களையேனும் எழுதி வைத்தோமா? மோந்தே சாந்தோவின் பாதிக் கோபுரத்தைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு. நம் ஊர்க் கோயிலின் நினைவைக் காக்க நம்மையன்றி வேறு யாருளர்?