ஏரி வெட்டியாச்சு, தூர் வார ஆள் வேணும்

நெய்வேலின்னு சொன்னா பட்டணத்துல இருக்கிற உங்களுக்குக் கரண்டு ஞாபகம் வரும், பழுப்பு நிலக்கரி ஞாபகம் வரும். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு தோண்டினப்போ தண்ணியோட கறுப்பா ஏதோ கலந்து வந்தது. அந்தத் தடயத்தைப் பிடிச்சுப் போய்த்தான் 1956ல நிறுவனம் வந்தது, பிறகு சுரங்கம், டவுன்ஷிப் எல்லாம் வந்தது. இந்தக் கதை எங்க பக்கத்துச் சின்னப் பிள்ளைங்களுக்கே தெரியும். இன்னைக்கு நான் எழுதப்போறது அந்தக் கரண்டுல ஓடுற இன்னொரு சாமானோட கதை. லினக்ஸ்.

விவசாயிக்கு ஏன் இந்த வேலைன்னு கேப்பீங்க. டவுன்ஷிப்பைச் சுத்தி இருக்கிற கிராமங்கள்ல பல வீட்டுப் பரண்ல ஒரு அரசாங்க மடிக்கணினி கிடக்குதுங்க. முந்திரிக்கொட்டை மூட்டைக்குப் பக்கத்துல, சார்ஜர் வயரைச் சுத்தி வச்சிருப்பாங்க. அதுல பாதிக்கு மேல இன்னும் உயிர் இருக்கு. அது ஏன் பரணுக்குப் போச்சுன்னு யோசிச்சப்போதான் இந்தச் சரித்திரம் பூரா தேடிப் படிச்சேன்.

ஆரம்பத்துலேர்ந்து வருவோம். 1983ல அமெரிக்காவுல ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவிச்சார். மென்பொருளை யார் வேணும்னாலும் ஓட்டலாம், பிரிச்சுப் பார்க்கலாம், மாத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். 1991ல பின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்ங்கிற கல்லூரி மாணவர் கெர்னல் எழுதினார். ரெண்டும் சேர்ந்து முழுசான இயங்குதளம் ஆச்சு. ஆனா அது அரிசி, பருப்பு, புளின்னு தனித்தனியா கிடக்கிற மாதிரி. அதைச் சமைச்சு இலை போட்டுக் கொடுக்கிறதுக்குப் பேர்தான் வழங்கல். 1993ல ஸ்லாக்வேர் வந்தது, அதே வருஷம் டெபியன் வந்தது. பிறகு ரெட் ஹேட், 2004ல உபுண்டு.

இதை எங்க பக்கத்து ஆளுக்குப் புரிய வைக்க நான் ஏரியைத்தான் சொல்வேன். காசு கொடுத்து வாங்குற விண்டோஸ் குத்தகை நிலம் மாதிரி. உழுதுக்கலாம், ஆனா கிணறு வெட்ட முடியாது, அடுத்தவனுக்கு விட முடியாது. லினக்ஸ் ஊர்ப் பொது ஏரி. எல்லாரும் தண்ணி எடுக்கலாம். ஆனா ஏரின்னா குடிமராமத்து உண்டு. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட வந்து தூர் வாரணும், கரை கட்டணும். யாரும் வராத ஏரி நாலு மழையில மேடாயிடும். லினக்ஸ் சரித்திரம் பூராவும் எனக்கு இந்த ஒரு விஷயம்தான் தெரியுது.

தமிழ்நாட்டுக்கு அது எப்படி வந்தது? 90கள்ல இன்டர்நெட் டெலிபோன் லைன்ல எறும்பா ஊரின காலம். ஒரு சிடி அளவு இறக்கணும்னா நாள் கணக்காகும், பில்லைப் பார்த்தா மயக்கம் வரும். அதனால சிடி கை மாறித்தான் வந்தது. பிசி குவெஸ்ட் மாதிரி பத்திரிகைகள் இதழோட லினக்ஸ் சிடி வச்சுக் கொடுத்தாங்க. சென்னை லினக்ஸ் பயனர் குழு மாசம் ரெண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்துல கூடும். போறவங்க சிடி நகல் எடுத்துக்குவாங்க, சந்தேகம் கேட்டுக்குவாங்க. பிறகு உபுண்டுகாரங்க கேட்டவங்களுக்கெல்லாம் தபால்ல சும்மாவே சிடி அனுப்பினாங்க. 2011 வரைக்கும் அது நடந்தது.

சிடி கிடைச்சா மட்டும் போதாது, மிஷின் ஒத்துக்கணும். அந்தக் காலத்துல கணினிக்குள்ள வந்த மோடம் பலதும் விண்டோஸை நம்பியே செஞ்சது. லினக்ஸ் போட்டா ஊமையாயிடும். அப்புறம் வைஃபை அட்டையில அதே தகராறு. சாமான் செய்றவன் தன் சிப் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்ல மாட்டான். சொல்லாததை யாரோ ஒருத்தர் ராத்திரி பூரா உட்கார்ந்து கண்டுபிடிச்சு டிரைவர் எழுதுவார். எந்த மாடல் ஓடும், எது மக்கர் பண்ணும்ங்கிற விவரம் கடைக்காரர்கிட்ட இருக்காது, பயனர் குழுகிட்டதான் இருக்கும்.

அடுத்து அரசாங்கம் வந்தது. 2005ல சென்னையில கட்டற்ற மென்பொருளுக்குன்னே ஒரு தேசிய மையம் அமைஞ்சது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்துல இருக்கிற ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக்கும் சேர்ந்து நடத்தினாங்க. டெபியனை அடிப்படையா வச்சு சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸ் 2007ல வெளிவந்தது. தமிழ் உட்பட நம்ம மொழிகள்லயே மெனு பார்க்கலாம். அதே சமயத்துல எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்த உமாசங்கர் தன் அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாத்தினார்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கினது. முதல் வருஷத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல வாங்கத் திட்டம். பெட்டியைத் திறந்தா ரெண்டு வாசல்: ஒண்ணு விண்டோஸ், ஒண்ணு பாஸ் லினக்ஸ். உலகத்துல எங்கேயும் இவ்வளவு கிராமத்து வீட்டுக்குள்ள லினக்ஸ் ஒரே வீச்சுல நுழைஞ்சிருக்குமான்னு சந்தேகம்தான்.

எங்க வீட்டுப் பொண்ணுக்கும் பிளஸ் டூவுல ஒண்ணு வந்தது. அந்த ரெண்டாவது வாசல் எதுக்குன்னு சொல்லித்தர ஒருத்தரும் இல்லை. கொஞ்சநாள்ல மிஷின் மெதுவாச்சு. சரிபண்ணக் கொடுத்த கடையில 300 ரூபாய் வாங்கிக்கிட்டு, ரெண்டையும் அழிச்சுட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்தாங்க. வைரஸ் வந்தது, திரும்ப 300. மூணாவது தடவை பரண் ஏறிடுச்சு. ஊர் பூரா இதே கதைதான். அரசாங்கம் ஏரி வெட்டிடுச்சு, தூர் வார ஆள் போடலை.

ஆள் இருந்த இடத்துல கதை வேற மாதிரி போச்சுங்க. எங்களுக்கு வடக்கே, பண்ருட்டி தாண்டினா விழுப்புரம். அங்கே குனு/லினக்ஸ் பயனர் குழு ஞாயித்துக்கிழமை கூடி கிராமத்துப் பிள்ளைங்களுக்குக் காசில்லாம சொல்லிக்கொடுக்குது. புதுச்சேரியில கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கு. காஞ்சிபுரத்துல ஒரு குழு இருக்கு. 2012 ஜனவரியில தொடங்கின கணியம் மின்னிதழ் லினக்ஸைத் தமிழ்லயே பாடமா எழுதிச்சு. என்னை மாதிரி பள்ளிக்கூடத்தோட நின்னவனுக்கும் புரியற தமிழ் அது. சென்னை ஐஐடி வாசலுக்கு நாங்க போக வேண்டியதில்லை, பஸ்ஸுல ஒரு காலைப்பொழுது போதும்னு ஆச்சு.

அப்படி ஒரு குழுவுல பழகின பையன்தான் எங்க மடிக்கணினியைப் பரண்லேர்ந்து இறக்கினான். 2 ஜிபி ரேம். முதல்ல பென்டிரைவ்லேர்ந்தே ஓட்டிப் பார்த்தான், வைஃபை வருதா, சத்தம் வருதா, தமிழ் தட்டச்சு ஆகுதான்னு. எல்லாம் சரின்னு தெரிஞ்ச பிறகுதான் டெபியன் போட்டான். பளபளப்பு குறைஞ்ச லேசான திரை. கொல்லை வரவு செலவுக் கணக்கை அதுலதான் எழுதுறேன். இப்போ என் தங்கச்சி மகன் அதுல பைத்தான் கத்துக்கிறான். அவன் அப்பா ஒப்பந்தத் தொழிலாளி, 40,000 ரூபாய்க்குப் புது மிஷின் வாங்க வழியில்லை. அந்தப் பையனுக்கு இது இருக்கா இல்லையாங்கிறது படிப்பு இருக்கா இல்லையாங்கிற கேள்வி.

இதை இப்போ எழுத ஒரு காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11 பழைய மிஷின் பலதை ஏத்துக்கிறதில்லை. உங்க வீட்டுலயும் ஆபீசுலயும் நல்லா ஓடுற கணினிங்க பழைய சாமான் கடைக்குக் கிளம்பியிருக்கும். தூக்கிப் போடாதீங்க. ரிச்சி தெருவுல பழசு வாங்குறவங்க ஒரு பென்டிரைவைக் கையோட எடுத்துட்டுப் போய், கடையிலயே லினக்ஸ் ஓட்டிப் பார்த்து வாங்குங்க. எந்த வழங்கல்னு மண்டையை உடைச்சுக்க வேண்டாம். பக்கத்துல இருக்கிற குழு எதைப் போடுதோ அதையே போடுங்க. நாளைக்கு மக்கர் பண்ணினா கேக்க ஆள் இருக்கும்.

ஊருக்கு வரும்போது பழைய சட்டை துணி எடுத்துட்டு வர்றீங்க, சந்தோஷம். அடுத்த பொங்கலுக்கு அந்தப் பழைய மடிக்கணினியையும் எடுத்துட்டு வாங்க. கூடவே ஒருநாள் தங்கி, தெருப் பிள்ளைங்க நாலு பேருக்கு அதுல சொல்லிக்கொடுத்துட்டுப் போங்க. மண்வெட்டி நாங்க வச்சிருக்கோம், கரையில நிக்க ஆள்தான் குறைவு.