வெளுத்த வானம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இமயமலைச் சாரலில் எடுக்கப்பெற்ற நிழற்படங்களைக் கண்ணுற்ற அன்பர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருக்கலாம். மலையும் மரமும் பாறையும் தெள்ளத் தெளிவாகத் துலங்கும். மேலே வானம் மட்டும் எழுதாத தாள்போல் வெறிச்சோடிக் கிடக்கும். வேலையின் பொருட்டு வடக்கே வந்து, விடுமுறையில் சிம்லாவுக்கு ஒரு முறையேனும் சென்று வந்த நம்மவர், அங்கே மேகமே இல்லையென்று ஒப்புவார்களா? அந்த மேகங்களெல்லாம் எங்கே போயின?

விடை இரசாயனத்தில் இருக்கிறது. 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட முறைப்படி, கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்னரே படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். இத்தகடு நீல ஒளியை விரைவில் பற்றிக்கொள்ளும். பச்சையையும் சிவப்பையும் எளிதில் பற்றாது. தேவதாரு மரத்தின் கரும்பச்சை பதியும் வரையில் லென்ஸைத் திறந்து வைத்தால், அதற்குள் வானம் அளவுமீறிப் பதிந்துவிடும். நீலத்துக்கும் மேகத்துக்கும் உள்ள வேற்றுமை அதிலே அழிந்து போகும்.

இக்கருவியைத் துணைக்கொண்டுதான் சாமுவேல் போர்ன் மலையேறினார். நாட்டிங்காம் நகரில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த அவர், 1863-இல் இந்தியா வந்து, அவ்வாண்டிலும் 1864-இலும் 1866-இலும் இமயத்தில் மூன்று நெடும் பயணங்களை மேற்கொண்டார். கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் ஆகிய அனைத்தும் ஆள்சுமையாகவே சென்றன. முதற் பயணத்துக்கே சுமார் 30 கூலியாட்கள் வேண்டியிருந்தனர். காற்று வீசினால் இலைகள் அசைந்து படம் கலங்கும். மூடுபனி இறங்கினால் பள்ளத்தாக்கே மறையும். ஆகவே வானிலையின் தயவை எதிர்பார்த்துக் காத்திருப்பதே அவர் தொழிலில் பாதியாயிற்று. 1866-இல், 18,600 அடி உயரத்திலுள்ள மணிரங் கணவாயில், கைவிரல் விறைக்கும் குளிரில், வானம் தெளிந்திருந்த சிறு பொழுதிற்குள் அவர் படமெடுத்தார். இரண்டு பத்தாண்டுகள் வரை அதற்கு மேலான உயரத்தில் எவரும் படமெடுத்ததில்லை என்பர். கங்கை பனிக்குகையிலிருந்து வெளிப்படும் இடத்தையும் அவ்வாண்டிலேயே பதிவு செய்தார்.

போர்னின் பயணக் கட்டுரைகள் இலண்டன் பத்திரிகையில் வெளிவந்தன. காட்சியின் அழகை உருகி உருகி எழுதிய அதே பேனா, சுமைகளைப் போட்டுவிட்டு ஓடிய கூலிகளைக் கோலுடன் தேடிச் சென்றதையும் கூச்சமின்றி எழுதியுள்ளது. அறுவடைக்காலத்தில் வயலை விட்டுக் கட்டாயமாக இழுத்துவரப்பட்டவர்கள் ஓடியதில் வியப்பென்ன? படங்களின் அடியில் போர்னின் பெயரும் வரிசை எண்ணும் உண்டு. சுமந்தவர் ஒருவர் பெயரும் இல்லை. வெளுத்த வானத்துக்கு இரசாயனத்தைக் குறை கூறலாம். இதற்கு அந்தச் சாக்குக் கிடையாது.

வானத்தை நிரப்பும் உபாயங்களையும் அக்காலத்தார் அறிந்தே இருந்தனர். பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ கிரே, 1856-57-இல் எடுத்த கடற்காட்சிகளில், கடலுக்கு ஒரு தகடும் மேகத்துக்கு வேறொரு தகடுமாக எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டதுண்டு. சென்னை இராஜதானியின் அரசாங்க நிழற்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் இன்னும் ஒருபடி மேலே போனார். 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த இவர், மெழுகிட்ட காகித நெகடிவின்மேல் தூரிகை கொண்டு மேகங்களைத் தீட்டிச் சேர்ப்பது வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து நீளமாக ஒட்டியபோது எழுத்தொன்றையும் விடாத அதே மனிதர், வானத்தைத் தம் கையாலேயே வரைந்தார்! கல்வெட்டு சான்று, மேகம் அலங்காரம் என்று அவர் கருதியிருக்க வேண்டும். அதைப் பொய்யென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. வெறும் வெள்ளையும் உண்மையான வானமன்றே?

1906-இல் எல்லா நிறங்களையும் பற்றும் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. லென்ஸின் முன்னே ஒரு மஞ்சள் கண்ணாடியைப் பொருத்தி நீலத்தைச் சற்றே தடுத்தால், மலையும் மேகமும் ஒரே தகட்டில் அமைந்தன. போர்ன் அதற்கு வெகு முன்னரே, 1870-ஐ ஒட்டி, ஊர் திரும்பிவிட்டார். கல்கத்தாவில் அவர் பெயர் தாங்கிய படக்கூடம் மட்டும் 2016 வரை நடந்து வந்தது.