அரசு நடத்திய கல்லூரி, தனியார் கட்டணம்: சிதம்பரம் மருத்துவ மாணவர் போராட்டம்

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் இருக்கும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2020 டிசம்பர் 9 அன்று கட்டணக் குறைப்புக் கோரிப் போராட்டத்தில் இறங்கினர். ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்த அந்தப் போராட்டம், தமிழ்நாட்டில் உயர்கல்விக் கட்டணத்தை எதிர்த்து நடந்தவற்றுள் வெற்றியில் முடிந்த அரிய ஒன்று. மாணவர்களின் வாதம் எளியது: கல்லூரியை நடத்துவது அரசு, சேர்க்கையை நடத்துவதும் அரசு, ஆகவே வாங்க வேண்டியது அரசுக் கட்டணம். அப்போது அங்கே எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக்கு 5.44 லட்சம் ரூபாய் வாங்கப்பட்டது. அதே அரசின் கீழுள்ள மற்ற மருத்துவக் கல்லூரிகளில் கட்டணம் சுமார் 13,600 ரூபாய். நாற்பது மடங்கு வேறுபாடு.

இந்த வேறுபாடு ஒரே நாளில் உருவானதல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே அரசுக்கும் தனியாருக்கும் இடைப்பட்ட ஒரு நிறுவனமாக வளர்ந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரியை அடிப்படையாகக் கொண்டு, சென்னை மாகாணச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1929இல் பல்கலைக்கழகம் உருவானது. சட்டம் அரசினுடையது, நிர்வாகத்தில் மேலோங்கிய செல்வாக்கு நிறுவனர் குடும்பத்தினுடையது. குடும்பத்தின் தலைமகன் இணைவேந்தராக இருப்பது நீண்டகால நடைமுறையாக இருந்தது. பல் மருத்துவக் கல்லூரி 1980இலும் மருத்துவக் கல்லூரி 1985இலும் இந்த வளாகத்தில் தொடங்கப்பட்டன. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அந்தக் கல்லூரியின் மருத்துவமனைதான் பெரிய மருத்துவமனை. கடலூர், நாகை மாவட்டக் கடற்கரை மக்கள் பல ஆண்டுகள் அங்கேதான் வைத்தியம் பார்த்துவந்தார்கள்.

அந்த மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்தில் தமிழ்நாட்டின் கல்விக் கொள்கை இரண்டு திசைகளில் நடந்துகொண்டிருந்தது. பள்ளிக் கல்வியில் கட்டணத்தை ஒழிக்கும் முயற்சி காமராசர் ஆட்சியில் வேகம் பிடித்து, 1960களின் நடுவில் உயர்நிலைப் பள்ளி முடியும்வரை எட்டியது. பின்னர் வந்த தி.மு.க. ஆட்சியில் அது புகுமுக வகுப்பு வரை நீண்டது. 2007-08 முதல் அரசு கலைக் கல்லூரிகளின் இளநிலைப் படிப்புகளுக்குக் கற்பிப்புக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் தொழிற்கல்வியில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1984 வாக்கில் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் நன்கொடை என்ற பெயரில் பெருந்தொகை வாங்குவது ஊரறிந்த வழக்கமாயிற்று. அதைத் தடைசெய்யத் தமிழ்நாடு அரசு 1992இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

அதே ஆண்டில் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் நன்கொடைக் கட்டணத்தைச் செல்லாததாக்கியது. அடுத்த ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்குத் தீர்ப்பு, தனியார் தொழிற்கல்லூரி இடங்களை இலவச இடம், கட்டண இடம் என்று பாதிப் பாதியாகப் பிரித்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டத்தைக் கலைத்துவிட்டது. தனியார் கல்லூரிகள் தம் செலவுக்கேற்பக் கட்டணம் வைக்கலாம், கொள்ளை லாபம் மட்டும் கூடாது என்ற நிலை உறுதியானது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் கட்டண நிர்ணயக் குழுக்கள் வந்தன. ஒரு குடும்பம் தன் பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைக் கணக்கிடும் பொறுப்பு அந்தக் குழுக்களுக்கு இல்லை; கல்லூரிக்கு எவ்வளவு செலவாகிறது என்பதைத்தான் அவை பார்த்தன.

பக்கத்து மாநிலத்தில் இந்தப் பிரச்சினை உயிர்ப்பலி வரை போயிற்று. கேரளத்தின் பரியாரத்தில் கூட்டுறவு மருத்துவக் கல்லூரி சுயநிதி முறையில் தொடங்கப்பட்டதை எதிர்த்து இளைஞர்கள் போராடியபோது, 1994 நவம்பர் 25 அன்று கூத்துப்பறம்பில் அமைச்சர் எம்.வி. ராகவனுக்குக் கறுப்புக்கொடி காட்டக் கூடிய கூட்டத்தின்மீது காவல்துறை சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர். அந்தக் கல்லூரி ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப்பின் கேரள அரசின் கைக்கு வந்து அரசு மருத்துவக் கல்லூரியானது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நெருக்கடி 2012இல் வெளியே தெரிந்தது. 1979இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வியில் கொட்டிய வருமானத்தை நம்பித் தேவைக்கு மேல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனது நிர்வாகம். ஆசிரியரும் ஊழியருமாகப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். வருமானம் தளர்ந்ததும் சம்பளத்தைக் குறைக்கும் பேச்சு வந்தது; ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள்; வளாகம் மூடப்பட்டது. 2013 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷிவ்தாஸ் மீனாவை நிர்வாகியாக நியமித்தது. அந்த ஆண்டே புதிய அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டத்தை இயற்றி, நிறுவனர் குடும்பத்தின் நிர்வாக உரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. மிகையாக இருந்த ஆசிரியர்கள் பின்னர் மாநிலம் முழுவதும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்குப் பணிநிரவல் செய்யப்பட்டார்கள்.

ஊழியர்களின் சம்பளத்துக்கு அரசு பொறுப்பேற்றது. மாணவர்களின் கட்டணத்துக்கு ஏற்கவில்லை. இதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர். மருத்துவ இடங்கள் மாநிலத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வு வழியே நிரப்பப்பட்டன. இட ஒதுக்கீடு முழுமையாகப் பின்பற்றப்பட்டது. கட்டணம் மட்டும் தனியார் கல்லூரிகளின் மட்டத்திலேயே நின்றது. இதற்கு நிர்வாக ரீதியான காரணம் ஒன்று உண்டு. மாநிலத்தின் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகள் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் இருந்தன. அவற்றின் செலவு அத்துறையின் நிதியிலிருந்து வந்தது. சிதம்பரம் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உயர்கல்வித் துறையின் கீழ் வந்தது. மருத்துவமனையை நடத்தும் செலவு பல்கலைக்கழகத்தின் தலையில் விழ, பல்கலைக்கழகம் அதை மாணவர்களின் தலைக்கு மாற்றியது. பல் மருத்துவத்துக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியும், மருத்துவ மேற்படிப்புக்கு ஒன்பது லட்சத்துக்கு மேலும் வாங்கப்பட்டது.

கட்டணம் யாரை வெளியே நிறுத்துகிறது என்பதைக் காணச் சென்னைக்கு வடக்கே போனால் போதும். பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் காட்டுப்பள்ளித் தீவின் மீனவக் குப்பங்களிலிருந்து ஒரு பிள்ளை மருத்துவக் கலந்தாய்வுக்குப் போகிறது என்று கொள்வோம். எண்ணூர் வழியாகத் தெற்கே வந்தால் முதலில் எதிர்ப்படும் அரசு மருத்துவக் கல்லூரி ராயபுரத்திலுள்ள ஸ்டான்லி. தரவரிசையில் சில இடங்கள் பின்தங்கினால் கிடைப்பது சிதம்பரமாக இருக்கலாம். கலந்தாய்வு ஒன்று, இட ஒதுக்கீடு ஒன்று, நடத்தும் அரசும் ஒன்று. அந்த ஆண்டுகளில் ஸ்டான்லியில் முழுப் படிப்புக்கும் ஆன கட்டணம் எழுபதாயிரத்தைத் தொடவில்லை. சிதம்பரத்தில் அது இருபது லட்சத்தைத் தாண்டியது.

அந்தக் குப்பங்களில் மாதச் சம்பளம் வாங்கும் வீடுகள் குறைவு. ஏரியில் வலை போடும் உரிமையே முறை வைத்து வருவது. அதைப் பாடு என்பார்கள். தன் பாடு வராத நாளில் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து கடலும் ஏரியும் கலந்தால் இறால் வரத்து நன்றாக இருக்கும். கோடையில் மணல் தூர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் வரத்து குறையும். கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதங்களோ வழக்கமாகக் கோடையை அடுத்தே வருகின்றன. காட்டுப்பள்ளியில் 2013 வாக்கில் துறைமுகம் செயல்படத் தொடங்கிய பிறகு வீச்சுக்குக் கிடைத்த இடமும் சுருங்கியது. துறைமுகத்துக்கு நிலம் விட்ட குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டுப் பல ஆண்டுகள் போராடின. இத்தகைய வீட்டுக்குக் கல்விக் கடன் விடையாக இருந்ததில்லை. வங்கிகளின் பொதுவான திட்டத்தில் நெடுங்காலம் நான்கு லட்சம் ரூபாய்க்குள்தான் பிணை இல்லாமல் கடன் கிடைத்தது. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம் வைக்க வேண்டியிருந்தது. கடலோரப் புறம்போக்கில் இருக்கும் வீட்டுக்குப் பட்டா கிடைப்பதே அரிது. ஆகவேதான் அந்தக் கரைப் பிள்ளைகளுக்குப் பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரி போன்ற, கட்டணம் பெயரளவுக்கு மட்டுமே இருக்கும் கல்லூரிகள் இவ்வளவு முக்கியமாகின்றன.

2020இன் இறுதியில் இந்தக் கேள்வி மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. நீட் தேர்வில் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் அக்டோபர் இறுதியில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. நவம்பரில் கலந்தாய்வு நடந்தபோது, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில ஏழை மாணவர்கள் பணம் கட்ட வழியின்றி இடத்தை ஏற்காமல் திரும்பினார்கள். பரபரப்பு எழுந்ததும், அம்மாணவர்களின் கட்டணத்தை அரசே செலுத்தும் என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். இடம் கொடுத்தால் மட்டும் போதாது, கட்டணமும் கதவாக நிற்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. சில வாரங்களில் சிதம்பரம் மாணவர்கள் அதே வாதத்தைத் தங்களுக்கும் பொருத்திக் கேட்டார்கள்.

கொரோனா ஊரடங்குக்குப்பின் டிசம்பர் தொடக்கத்தில்தான் வகுப்புகள் திறந்திருந்தன. இளநிலை, முதுநிலை மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் சேர்ந்து வளாகத்துக்குள் அமர்ந்தார்கள். நாள்தோறும் வெவ்வேறு வடிவில் போராட்டம் நடந்தது. கல்லூரி அரசுடையது என்று ஊருக்கு நினைவூட்டுவதே அதன் நோக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் நோயாளிகளைக் கவனித்தவர்கள் அவர்கள். அதனால் பொதுமக்களின் பரிவும் அவர்கள் பக்கம் இருந்தது. எதிர்க்கட்சிகள் பலவும் ஆதரவு தெரிவித்தன. சட்டமன்றத் தேர்தல் சில மாதங்களில் வரவிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் நிர்வாகம் காலவரையற்ற விடுமுறை அறிவித்து, விடுதிகளைக் காலி செய்யச் சொன்னது. உணவகம் மூடப்பட்டது, தண்ணீரும் மின்சாரமும் நிறுத்தப்பட்டதாக மாணவர்கள் குற்றம்சாட்டினார்கள். அவர்கள் வெளியேறவில்லை. விடுதி மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போராட்டம் தானே கரையும் என்பது பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழி. இம்முறை அது எதிர்விளைவையே தந்தது. விடுதி மூடல் செய்தியானதும் மாவட்டப் பிரச்சினை மாநிலப் பிரச்சினையானது.

ஜனவரி இறுதியில் அரசு இறங்கிவந்தது. மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, செவிலியர் கல்லூரி ஆகியவற்றை உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக்கும் ஆணை வந்தது. மாணவர்கள் அதோடு எழுந்துவிடவில்லை. ஆணையில் கட்டணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று சுட்டிக்காட்டிப் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். எட்டு ஆண்டுகளாக ‘அரசு எடுத்துக்கொண்டது’ என்ற சொல்லால் தங்களுக்கு ஒன்றும் விளையாததைக் கண்டவர்கள் அவர்கள். அந்தப் பிடிவாதம் சரியானது. பிப்ரவரி முதல் வாரத்தில் கட்டண ஆணை வெளியாயிற்று. எம்.பி.பி.எஸ். படிப்புக்கு 13,610 ரூபாய், பல் மருத்துவத்துக்கு 11,610 ரூபாய், மருத்துவ மேற்படிப்புக்கு 30,000 ரூபாய் என்று மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு இணையாகக் கட்டணம் அமைந்தது. அதன்பிறகே போராட்டம் முடிந்தது.

பெருந்துறைக் கல்லூரியின் கதையும் இதோடு சேர்ந்தது. சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்திய அந்த மருத்துவக் கல்லூரியை 2019இல் மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்றது. பெயர் மாறிய பின்னும் பழைய கட்டணமே கேட்கப்பட்டதால் அங்கும் மாணவர்கள் போராடினார்கள். சிதம்பரத்துக்கு வந்த தீர்வு அங்கும் எட்டியது.

அதே காலத்தில் வேறிடங்களில் நடந்த கட்டணப் போராட்டங்கள் பெரும்பாலும் உயர்வை எதிர்த்தவை. 2015இல் தென்னாப்பிரிக்காவின் விட்ஸ் பல்கலைக்கழகம் 10.5 விழுக்காடு உயர்த்த முனைந்தபோது எழுந்த மாணவர்கள், அந்த ஆண்டு நாடெங்கும் உயர்வே இல்லை என்று அரசை அறிவிக்கவைத்தார்கள். 2019 இறுதியில் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்தும், 2020 தொடக்கத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டண உயர்வை எதிர்த்தும் போராட்டங்கள் நடந்தன. இலங்கையில் நிலைமை வேறு. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நிலைத்த அந்த நாட்டில், மாலபேயில் தொடங்கிய தனியார் மருத்துவக் கல்லூரியை மாணவர் அமைப்புகளும் அரசு மருத்துவர்களும் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். கடைசியில் அக்கல்லூரி கலைக்கப்பட்டு, மாணவர்கள் கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

சிதம்பரத்தில் மாற்றம் ஆணையோடு முற்றுப்பெறவில்லை. 2021-22 கல்வியாண்டில் சேர்ந்தவர்கள் முதல் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் வந்தார்கள். அதற்கு முன் சேர்ந்தவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களாகவே நீடித்தார்கள். ஒரே கல்லூரியில் இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் சில ஆண்டுகள் சேர்ந்து படிக்கும் நிலை இதனால் வந்தது. பயிற்சி மருத்துவர்களுக்கு மற்ற அரசுக் கல்லூரிகளில் தரும் மாதாந்தர உதவித்தொகையைத் தங்களுக்கும் தர வேண்டும் என்ற பிணக்கு கட்டணப் பிரச்சினை தீர்ந்த பின்னும் தொடர்ந்தது. அதற்காகவும் அவர்கள் மீண்டும் அதே வளாகத்தில் அமர வேண்டியிருந்தது.