குழு தராத இடம்

டெக்சஸில் வெள்ளையர் கல்லூரிகளோடு ஆட முடியாத ஆறு கறுப்பினக் கல்லூரிகள், 1920இல் ஹூஸ்டனில் கூடித் தங்களுக்கென்றே ஒரு லீக் தொடங்கின. அதுதான் ஸ்வாக். 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம் கல்லூரிப் பெண்களுக்கு மைதானத்தைத் திறந்தது. எந்தப் பெண்களுக்கு? கால்பந்தில், கிளப்புக்குக் கட்டணம் கட்ட முடிந்த வெள்ளையர் வீட்டுப் பெண்களுக்கே அதிகம். (நம் ஊர் நீட் கோச்சிங் நினைவுக்கு வருகிறதா?)

ஆகவே ஸ்வாக் பெண்கள் கால்பந்துக் கோப்பையை நாம் கவனிக்க வேண்டும். தேசியப் போட்டியில் பல இடங்களைத் தேர்வுக் குழுதான் நிரப்புகிறது. லீக் கோப்பையை வென்ற அணிக்கோ நேரடி இடம். ‘தகுதி போதாது’ என்று எந்தக் குழுவும் தள்ள முடியாது. அங்கே முதல் ஆட்டமே பெரும்பாலும் பணக்காரப் பல்கலைக்கழகத்தோடுதான். தோற்றுத் திரும்பினாலும், அடுத்த ஆண்டும் ஸ்வாக்கிலிருந்து ஒரு அணி போகும்.