குதிரைமலைத் துறை



புத்தளத்திலிருந்து வடதிசை நோக்கிச் சென்று, இலவன்குளத்தையும் கலா ஓயாவையும் கடந்தால் வில்பத்துக் காடு நம்மை எதிர்கொள்ளும். காட்டினூடே பொம்பரிப்பையும் தாண்டி மேலைக் கடலை அடையுமிடத்தில், செம்மண் மேடொன்று அலைகளை நோக்கி முகம் நீட்டி நிற்கின்றது. அதுவே குதிரைமலை. மலை என்றதும் வானளாவிய சிகரத்தை எண்ணிவிட வேண்டாம். தாழ்ந்த கரையில் கப்பலோட்டிகளுக்குத் தொலைவிலேயே தென்படும் குன்றம், அவ்வளவே. அங்கே செங்கற் சிதைவுகள் கிடக்கின்றன; ஊர் என்று சொல்ல இன்று எதுவுமில்லை.

ஆயினும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமபுரி அறிந்திருந்த துறை இதுதான் என்று அறிஞர் சிலர் கூறுவர். அக்கூற்று எத்துணை உறுதியானது?

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோமர் ஒரு செய்தியை எழுதிவைத்தார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோக்கமஸ் என்பவரால் விடுதலை பெற்ற அடிமை ஒருவன், அரபிக் கரையோரமாகச் செல்கையில் காற்றினால் அலைக்கப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான். அரசன் அவனை ஆறு திங்கள் உபசரித்தான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகள் வெவ்வேறு முகங்களைத் தாங்கியிருந்தும், எடையில் ஒத்திருக்கக் கண்டு, உரோமர் நேர்மையாளர் என்று வியந்தான். பின்பு தூதர் நால்வரை உரோமுக்கு அனுப்பினான். இது கிளாடியஸ் பேரரசரின் காலத்தில், அஃதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில் நிகழ்ந்தது என்பது பிளினியின் கூற்று.

இது வெறுங் கதையோ என ஐயுறுவார்க்கு எகிப்து விடை தந்தது. பெரெனிகே துறைக்குச் செல்லும் பாலைவழியிலே, பிளோக்கமஸின் அடிமையாகிய லைசாஸ் என்பவன் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்த கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் கி.பி. 6ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆந் திகதி. எனவே பிளோக்கமஸ் குடும்பத்தார் செங்கடல் வழியில் நடமாடியது மெய். ஆனால் அக்கல்வெட்டு இலங்கையைக் குறிப்பிடவில்லை. கிளாடியஸ் ஆட்சிக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முற்பட்டது என்பதால், பிளினி சொன்ன காலத்தையும் மீண்டும் ஆராயவேண்டியதாயிற்று.

இனிப் பெயரைப் பார்ப்போம். ஹிப்புரோஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரைவாலுடையது என்று பொருள். ஒருவகைக் கடல்மீனுக்கும் அப்பெயருண்டு. குதிரை என்னும் ஒற்றுமை ஒன்றே இவ்விரு பெயர்களையும் இணைக்கின்றது. பெயரொற்றுமை வழிகாட்டுமேயன்றித் தீர்ப்பாகாது. புறநானூற்றிலும் பிட்டங்கொற்றன் என்னும் தலைவனுக்குரிய குதிரைமலை வருகின்றது. அதனை இக்கடற்குன்றமாகக் கொண்டோரும் உளர். ஆனால் அருவி ஒலிக்க, மூங்கிலும் மிளகும் வளரும் மலையைப் பாடுகின்றார் புலவர். இங்கோ அருவியுமில்லை, மிளகுமில்லை.

அவ்வாறாயின் இம்மேட்டிற்குப் பெருமையே இல்லையோ? உண்டு. தெற்கே பொம்பரிப்பில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஈமத்தாழிகள் பாண்டிநாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. கடலின் இருகரை மக்களும் மிகப் பழைய நாளிலேயே ஒரே மரபில் தம் இறந்தோரைப் போற்றினர் என்பதற்கு அவை சான்று. எதிரே மன்னார்க் குடாவின் முத்துப்பார்கள் விரிந்து கிடக்கின்றன. அல்லிராணி இங்கிருந்து ஆண்டாள் என்றும், அவள் கோட்டையின் பெரும்பகுதியைக் கடல் கொண்டது என்றும் கரையோர மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தனர். விசயன் இறங்கிய தம்பபண்ணி இச்செம்மண் கரையே என்பாரும் உளர். அப்பெயருக்கு உரிமை கோரும் இடங்கள் வேறும் உள. தமிழரின் அல்லியும் சிங்களவரின் விசயனும் ஒரே மேட்டில் சந்திப்பது சிந்திக்கத்தக்கது.

1938ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட வில்பத்து, போர்க்காலத்தில் மூடப்பட்டு, 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அங்கே செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். செம்மண் கரையை அலைகள் அரித்துக்கொண்டே இருக்கின்றன. இத்துறை ஹிப்புரோஸா அன்றா என்பதைச் சொல்லவல்லவை அம்மண்ணில் புதைந்துள்ள ஓடுகளும் கற்களுமே. கடல் கொள்வதை நாம் தடுக்க இயலாதெனினும், நினைவுப் பொருளென்று ஓர் ஓட்டுத் துண்டையேனும் நம் கையால் எடுத்து வராதிருக்க இயலும். அவ்வோடு கிடந்த இடத்திற் கிடந்தாற்றான் வரலாறு பேசும். நம் வீட்டு அலுமாரியில் அது ஊமையாகிவிடும்.