காபி வெள்ளைத் தண்டுத் துளைப்பான்

காபிச் செடியின் தண்டைக் குடைந்து வாழும் நீள்கொம்பு வண்டு இனம். 1863-இல் ஷெவ்ரோலா என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் இதற்கு சைலோட்ரெகஸ் குவாட்ரிபஸ் எனப் பெயரிட்டார். ஒடுங்கிய கரிய உடலில் வெண்ணிறப் பட்டைகள் ஓடும். நீளம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. தென்னிந்திய மலைகளில் அராபிகா காபிக்கு இதுவே முதன்மைப் பகை. ரொபஸ்டாவை அவ்வளவாக நாடுவதில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடி உழவர்கள் மிளகோடும் பலாவோடும் சேர்த்து அராபிகாவை வளர்க்கிறார்கள். அங்கே இந்த வண்டைப் புரிந்துகொள்ள, செடிக்கு மேலே நிற்கும் மரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

காரணம் வண்டின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டுகள் திரளாக வெளிவருகின்றன. நல்ல வெயிலில்தான் அவை சுறுசுறுப்பாகப் பறக்கும். ஆண் விடும் மணத்தை நாடிப் பெண் வரும். வெயில் படும் தண்டில், பட்டை வெடிப்புகளுக்குள் பெண் முட்டையிடும். பத்து நாளளவில் பொரியும் புழு முதலில் பட்டைக்கு அடியில் மேய்ந்து, பிறகு கட்டைக்குள் இறங்கும். மாதக்கணக்கில் குடைந்தபடி, வந்த வழியை மரத்தூளால் இறுக அடைத்துக்கொண்டே போகும். அதனால் தெளிக்கும் மருந்து அதை எட்டாது. பட்டையில் வரிவரியாக எழும் புடைப்பும், பழுத்து வாடும் இலையுமே வெளியே தெரியும் அடையாளங்கள். இளஞ்செடி பெரும்பாலும் பிழைக்காது. முதிர்ந்த செடி சில பருவங்கள் தாக்குப்பிடித்தாலும் காய்ப்பு குறையும்.

இந்த வண்டு வெளியிலிருந்து புகுந்ததன்று, இங்கேயே வாழ்ந்தது. அது கொள்ளையாக மாறியது 1860-களில், குடகிலும் மைசூரிலும் காடழித்துக் காபி பயிரிட்ட காலத்தில். அதை ஆராய்ந்த சென்னை மாகாண மருத்துவர் ஜார்ஜ் பிடி, 1869-இல் வெளியான தம் அறிக்கையில் நிழல் மரங்களின் தேவையை வலியுறுத்தினார். வெயிலை நாடும் வண்டின் இயல்பு அவர் கூற்றுக்குத் துணை நிற்கிறது.

நிழல் மிகுந்தால் காய்ப்பு குறையும், ஈரத்தில் இலைத்துருவும் பெருகும் என்பது நியாயமான மறுப்பு. இந்தியாவில் 1990-இல் கூடலூரில் முதன்முதலாகக் காணப்பட்ட காபிக் காய்த்துளைப்பானும் அடர்நிழலில் செழிக்கும். ஆனால் இவை அடர்நிழலுக்கு எதிரான வாதங்களே. அளவான நிழலுக்கு எதிரானவை அல்ல. தண்டில் நேர்வெயில் விழாமலும் காற்றோட்டம் தடைபடாமலும் கிளைகளைக் கழித்தால் இரண்டு பக்கமும் காக்கலாம். நிழலுக்குள்ளும் வண்டு வருமே என்றால், வரும்தான். அதற்காகவே பறப்புக் காலத்துக்கு முன் தேங்காய்நார்க் கையுறையால் தண்டின் உரிபட்டையைத் தேய்த்தெடுத்து முட்டையிட இடமில்லாமல் செய்கிறார்கள். புடைப்பு கண்ட செடியைப் பிடுங்கி எரிக்கிறார்கள். நிழலில்லாத தோட்டத்தில் இந்த உழைப்பு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும்.

மிளகுக் கொடிக்காக நடப்படும் சில்வர் ஓக் மரத்தின் நிழல் மெல்லியது. பலாவின் நிழல் அகன்றது. ஆகவே கொல்லிமலையில் பலா ஒன்றை வெட்டும்போது, அந்த மரத்தின் விலையோடு அதன் அடியில் வெயிலுக்குத் திறந்துவிடப்படும் காபிச் செடிகளின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.